மூளைக்கும் கறள் பிடிக்குமா?

உளநல வைத்தியர் பதில்கள்

கேள்வி

மதிப்புக்குரிய டொக்டர் ஐயாவுக்கு,

முள்ளிவாய்க்காலில் இருந்து எழுதுகிறேன். தம்பிக்கு இப்போது 28 வயது. 2009 வைகாசியில் நாங்கள் இந்தக் கரையை விட்டு வெளியேறியபோது அவனுக்கு 12 வயது. அப்பா வரவில்லை. செட்டிகுளம் முகாமில் இருந்து, பிறகு சொந்தக்காரர் வீடுகளில் இருந்து, பல வருடம் கழித்துத்தான் காணிக்குத் திரும்பினோம்.

படிப்பில் அவன் கெட்டிக்காரன். 22 வயதில் ஒரு ஆனி மாதம் மூன்று நாள் கண்ணே மூடவில்லை. விடிய விடியக் கதை. கரைவலைச் சம்மாட்டி ஆகப் போகிறேன் என்று அம்மாவின் காப்பை அடைவு வைத்தான். மறித்த மாமாவை அடிக்கப் போனான். அந்த வருடம் மார்கழியில் அதே பிள்ளை பாயை விட்டு எழும்பவில்லை; சாப்பாடும் இல்லை, கதையும் இல்லை. கிளினிக்கில் பைபோலர் என்றார்கள். லிதியம் குளிசை தொடங்கி நாலு வருடமாக ஆள் நல்லாய் இருக்கிறான். வலை தெரிகிறான், கடைக்குப் போகிறான்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகன், எங்களுக்கு அண்ணா முறை, ஒரு போத்தல் குளிசை அனுப்பியிருக்கிறார். “இது ஒட்சியேற்றத் தகைப்பால் வாற வருத்தம், மூளைக்குக் கறள் பிடிக்குது, இது கறளைக் கழுவும். லிதியம் உலோகமல்லோ, அதை நிற்பாட்டு” என்று தம்பிக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். தம்பி சில நாள் லிதியம் போடாமல் விட்டிருக்கிறான். நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். அயலில் சிலர் செய்வினை என்கிறார்கள். சிலர் சண்டைக்குள் கண்டதையெல்லாம் பார்த்ததால் வந்தது என்கிறார்கள். ஒட்சியேற்றத்தை இரத்தத்தில் பார்த்துத் தருவோம் என்று ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் சொன்னார்களாம், காசு கனக்க.

அண்ணா சொல்வது உண்மையா? போரால்தான் இது வந்ததா? இரத்தம் சோதிக்கலாமா? அந்தக் குளிசையை லிதியத்துக்குப் பதிலாகக் கொடுக்கலாமா?

— ஒரு அக்கா, முள்ளிவாய்க்கால்

பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் இன்றிரவுக் குளிசையைத் தம்பி போடட்டும். மிச்சத்தைப் பிறகு பேசுவோம். விட்ட நாட்களை ஈடுகட்ட இரண்டு மடங்காகப் போடக்கூடாது. வழக்கமான அளவு மட்டும். ஒரு கிழமைக்கு மேல் விட்டிருந்தால், கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் நாளைக்கே போய்ச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விகள். உங்கள் அண்ணா முழுப் பொய் சொல்லவில்லை. முக்கால் உண்மையைச் சொல்லி, கால்வாசியில் பிழை விட்டிருக்கிறார். அந்தக் கால்வாசியில்தான் தம்பியின் உயிர் இருக்கிறது.

கறள் உண்மையா?

உங்கள் ஊர்க்காரருக்குக் கறளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2006 மார்கழியில் அரிசியோடு வந்து உங்கள் கடலில் தரைதட்டிய ஜோர்தான் கப்பல் ‘ஃபாரா 3’ வருடக்கணக்காகக் கரையில் நின்று செங்கபிலமாய் உதிர்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். சண்டை முடிந்தபின் ஊர் எல்லைகளில் குவித்து வைத்த எரிந்த சைக்கிள்களும் லொறிகளும் அப்படித்தான் உதிர்ந்தன. இரும்போடு ஒட்சிசனும் ஈரமும் சேர்ந்தால் கறள். உப்புக்காற்று அதை விரைவாக்கும். பள்ளிக்கூடத்தில் இதையே ஒட்சியேற்றம் என்று படித்தோம்.

நாம் மூச்சில் இழுப்பதும் அதே ஒட்சிசன். மூளை உடம்பு நிறையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் சும்மா இருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் ஒட்சிசனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இழைமணி என்ற சிறு எஞ்சின்கள் இருக்கின்றன. உணவில் இருந்து பிரிந்த இலத்திரன்களை அவை கைமாற்றிக் கைமாற்றிச் சக்தி எடுக்கின்றன. கடைசியில் அந்த இலத்திரன்களை ஒட்சிசன் வாங்கித் தண்ணீர் ஆகவேண்டும். வழியில் சில இலத்திரன்கள் சிந்திவிடும். சிந்தியதைப் பிடித்த ஒட்சிசன் நிலைகொள்ளாத மூலக்கூறு ஆகி, பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், மரபணு என்று எதையும் தாக்கும். படகு எஞ்சின் ஓடினால் புகை வராமல் இருக்காது, அதுபோலத்தான் இதுவும்.

புகையை வெளியேற்ற உடம்பிலும் ஆட்கள் இருக்கிறார்கள். தலைவர் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு. கலமே அதைத் தயாரிக்கும். கூடவே சில நொதியங்கள். சிந்துவதும் துடைப்பதும் சமமாய் இருக்கும்வரை வருத்தமில்லை. சிந்துவது கூடி, துடைப்பது பிந்தினால் அதற்குப் பெயர்தான் ஒட்சியேற்றத் தகைப்பு.

இங்கே ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொள்வோம். மூளையில் நடப்பது கறள் அல்ல, காறல். நீரை நீக்கிப் பார்த்தால் மூளையில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதிலும் மீனில் இருப்பது போன்ற, எளிதில் கெடும் கொழுப்பு கனக்க. சரியாகக் காயாத நெத்தலிக் கருவாட்டை மழை நாளில் மூடி வைத்தால் மஞ்சள் பூத்து ஒரு காறல் மணம் வருமே, அது கொழுப்பை ஒட்சிசன் தின்ற மணம். அந்தக் காறலை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. கெட்ட கொழுப்பு உடைந்து வரும் ஒரு பொருளோடு ஒரு அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் திரவம் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் எவ்வளவு கடுமையோ அவ்வளவு காறல். மீன் பழுதா என்று பார்க்க உணவு ஆய்வுகூடங்களில் செய்வதும், பைபோலர் உள்ளவர்களின் இரத்தத்தில் ஆராய்ச்சியாளர் செய்ததும் இதே சோதனைதான்.

கண்டது என்ன? 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வந்த ஒரு தொகுப்பு, பைபோலர் உள்ளவர்களில் கொழுப்புக் காறல், மரபணுச் சேதம், நைத்திரிக் ஒட்சைட்டு ஆகியவை மற்றவர்களை விடக் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. அதில் கூடிய வித்தியாசம் காறலில். 2010இல், பைபோலரோடு வாழ்ந்து இறந்தவர்களின் முன்மூளைத் திசுவைப் பார்த்தவர்கள் இழைமணியின் முதல் படியே மந்தமாய் இருந்ததைக் கண்டார்கள். இலத்திரன் கூடுதலாகச் சிந்தும் இடங்களில் அது ஒன்று. சிசோபிரேனியா என்ற வேறொரு நோயில், சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்து ஆய்வுக்குழு 2000ஆம் ஆண்டு குளுட்டாதயோனை அளந்தது. மூளை முண்ணாண் நீரில் அது 27 சதவீதமும் முன்மூளையின் ஒரு பகுதியில் 52 சதவீதமும் குறைந்திருந்தது. மனச்சோர்விலும் இதே மாதிரியான அடையாளங்கள் உண்டு.

ஆகவே ‘விசர்’ என்று ஒரு சொல்லில் சனம் தள்ளிவிடுகிற இந்த வருத்தத்துக்கு உடம்பில் தடயம் இருக்கிறது. செய்வினை என்று சொல்பவர்களுக்கு நீங்கள் கோபிக்காமல் சொல்லலாம்: இது சலரோகம் மாதிரி, இரத்த அழுத்தம் மாதிரி, உடம்பில் அளக்கக்கூடிய மாற்றங்களோடு வரும் வருத்தம். உங்கள் அம்மாவின் வளர்ப்பிலும் தம்பியின் குணத்திலும் குறை தேட வேண்டியதில்லை.

போரால்தான் வந்ததா?

இந்தக் கேள்வியை உங்கள் ஊரில் இருந்து வருகிற எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் கேட்கிறார்கள். நந்திக்கடலுக்கும் கடலுக்கும் நடுவில் அந்த ஒடுங்கிய மணலில் அவர்கள் பட்டதை ஒரு பதிலுக்குள் அடக்கவும் முடியாது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளநல வைத்தியராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனி மனதை மட்டும் உடைப்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது என்பதை வன்னியை வைத்தே எழுதினார். சண்டை ஓய்ந்த சில மாதங்களில் யாழ் மாவட்டத்தில் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2011இல் வெளியானது. அதில் பதகளிப்பு அறிகுறிகள் 32.6 சதவீதத்தினருக்கும் மனச்சோர்வு அறிகுறிகள் 22.2 சதவீதத்தினருக்கும் நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் 7 சதவீதத்தினருக்கும் இருந்தன. இவை போரின் கணக்கில் நேரடியாக எழுதக்கூடியவை.

பைபோலர் கொஞ்சம் வேறு சாதி. ஒரு துவக்குச் சத்தம் கூடக் கேட்காத நாடுகளிலும் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு அது வருகிறது. தாய் அல்லது தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூறில் ஐந்து முதல் பத்து வரை ஏறுகிறது. பரம்பரையின் கை பெரியது. ஆனால் போரின் கை ஒன்றுமில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சிறுவயதில் பெரும் துன்பம் கண்டதாகச் சொல்பவர்கள், பைபோலர் உள்ளவர்களிடையே மற்றவர்களை விட இரண்டரை மடங்குக்கு மேல் இருப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2016இல் சொன்னது. விதை பரம்பரையில் இருக்கலாம். எந்த மழைக்கு அது முளைத்தது என்று ஒரு தனி ஆளில் பிரித்துச் சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. தம்பிக்கு 2009 நடக்காதிருந்தால் இது வந்திராதா என்ற கேள்விக்கு நான் ஆம் என்றாலும் இல்லை என்றாலும் பொய்.

காறல் காரணமா விளைவா என்பதும் இன்னும் தீராத வழக்கு. மூன்று நாள் நித்திரையின்றி ஓடிய மூளை, முழு விசையில் விட்ட படகு எஞ்சின் மாதிரி. புகை கூடத்தான் செய்யும். இப்படியான எழுச்சி நிலையில் பலர் சாப்பாட்டை விட்டு, சிகரட்டைக் கூட்டி, கசிப்பையும் தொடுகிறார்கள். அவை ஒவ்வொன்றும் தனியாகவே அந்த இளஞ்சிவப்பைக் கடுமையாக்கும். நோய் புகையைக் கூட்டியதா, புகை நோயைக் கொண்டுவந்ததா? இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சுற்றுவதாகவே இன்று பெரும்பாலானோர் எண்ணுகிறார்கள்.

இரத்தத்தில் பார்க்கலாமா?

காசை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காறல் அளவு சலரோகத்திலும் கூடும், இதய நோயிலும் கூடும், புகைப்பவர்களிலும் கூடும். ஆய்வுகளில் நூறு பேரின் சராசரியை இன்னொரு நூறு பேரின் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் வித்தியாசம் தெரிகிறது. தனி ஒருவரின் எண்ணைப் பார்த்து இவருக்குப் பைபோலர், இவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது. எந்த மருந்து என்றும் அது சொல்லாது.

தம்பியின் இரத்தத்தில் பார்க்க வேண்டியவை வேறு. அவை அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். லிதியம் அளவு, சிறுநீரகத்துக்குக் கிரியற்றினின், தைரொயிட், கல்சியம். லிதியம் அளவுக்கு இரத்தம் கொடுப்பது கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலம் கழித்து. இரவு எட்டுக்குப் போட்டால் காலை எட்டு; அன்று காலைக் குளிசை இருந்தால் இரத்தம் கொடுத்தபின். பொதுவாக லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. வவுனியா, வெலிஓயாப் பக்கங்களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே எங்கள் பகுதியில் லிதியம் எடுப்பவர் கிரியற்றினின் பார்க்கும் தவணையைத் தவறவிடவே கூடாது. எப்போது கடைசியாகப் பார்த்தார்கள் என்று தம்பியின் கிளினிக் கொப்பியைப் புரட்டுங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் நீங்களே கேளுங்கள்.

லிதியத்துக்குப் பதிலாகவா?

கடிதத்தில் அந்தப் போத்தலின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் ‘கறளைக் கழுவும்’ என்று இந்த நோய்க்கு விற்கப்படுபவற்றில் முன்னால் நிற்பது என்-அசற்றைல் சிஸ்ரீன். மூடியைத் திறந்ததும் கூழ்முட்டை மணம் வந்தால் பெரும்பாலும் அதுதான். அதில் இருக்கும் கந்தகத்தின் மணம். வைத்தியசாலைக்கு அது புதியதல்ல. பரசிற்றமோலை அளவுக்கு மீறி விழுங்கியவர்களின் ஈரலைக் காப்பாற்றக் கொடுக்கும் மாற்று மருந்து அது. கலம் குளுட்டாதயோன் செய்வதற்கான மூலப்பொருளைக் கொடுக்கிறது.

அவுஸ்திரேலியாவில் மைக்கல் பேர்க் என்ற உளநல வைத்தியரின் குழு 2008இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. பைபோலர் உள்ள 75 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 2 கிராம் வீதம் 24 கிழமை இந்த மருந்து. மற்றவர்களுக்கு வெறும் மாக்குளிசை. மருந்து எடுத்தவர்களின் மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது. உலகம் முழுக்கப் பேச்சு. உங்கள் அண்ணா பார்த்ததும் இதன் வாலாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு விசயங்கள் அந்தப் பேச்சில் விடுபட்டுப் போகின்றன. ஒன்று, அந்த 75 பேரும் தங்கள் வழக்கமான மருந்தை விடவில்லை. அதற்கு மேலேதான் இதைச் சேர்த்தார்கள். லிதியத்தைத் தூக்கிவிட்டு இதை வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு, அதே குழு 2012இல் பெரிய அளவில் திரும்பச் செய்தபோதும் 2019இல் வேறு சத்துகளையும் சேர்த்துச் செய்தபோதும் மாக்குளிசையை விடத் தெளிவான நன்மை கிடைக்கவில்லை. தங்கள் சொந்த நம்பிக்கைக்கு எதிரான முடிவை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே அவர்களை நம்பலாம்.

ஒட்சியேற்ற எதிரி என்றால் கூடக்கூட நல்லது என்ற எண்ணமும் பிழை. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பவர்களில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1994இல் வந்தது. கரட்டில் இருக்கும் பீற்றா கரோட்டீனைக் குளிசையாக எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியது. 2009இல் ஜேர்மனியில் உடற்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு விற்றமின் சீயும் ஈயும் குளிசையாகக் கொடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடவேண்டிய இடத்தில் அந்தக் கூடுதல் கிடைக்கவில்லை. சிறிதளவு புகை வந்தால்தான் உடம்பு தன் துடைப்பாட்களைக் கூட்டுகிறது. கிருமியைக் கொல்ல வெண்குருதிக் கலங்கள் தொடுக்கும் அம்பும் இதே ஒட்சிசன்தான். கப்பலுக்கும் உடம்புக்கும் இதுதான் வேற்றுமை: கப்பலுக்கு வெளியில் இருந்து ஆள் வந்து கறளைச் சுரண்டவேண்டும், உடம்பு தானே சுரண்டிக்கொள்ளும், வாய்ப்பைக் கெடுக்காமல் விட்டால்.

‘லிதியம் உலோகமல்லோ’ என்ற கதைக்கு வருவோம். சோறு கறிக்குப் போடும் உப்பில் சோடியம் இருக்கிறது, அதுவும் உலோகம்தான். தம்பி விழுங்குவது லிதியம் காபனேற்று என்ற உப்பு. அது வைத்தியத்துக்குள் வந்த கதையை உங்கள் ஊரார் கேட்கவேண்டும். ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய வைத்தியர், 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது யப்பானியரிடம் பிடிபட்டு, மூன்று வருடத்துக்கு மேல் சாங்கி முகாமில் அடைபட்டிருந்தார். பசியில் மெலிந்த கைதிகள் மனம் குழம்புவதைக் கண்டு, இதற்கு உடம்பில் ஒரு காரணம் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு வீடு திரும்பினார். ஒரு வைத்தியசாலையின் ஒதுக்குப்புற அறையில் கினிப்பன்றிகளை வைத்துச் சோதித்தார். பிறகு எழுச்சி நிலையில் இருந்த பத்துப் பேருக்கு லிதியம் கொடுத்து, கண்டதை 1949இல் எழுதினார். முள்வேலிக்குள் இருந்து வந்த ஒருவரின் கேள்வியில் பிறந்த மருந்துதான் தம்பியின் கையில் இருப்பது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் எலியின் மூளைக் கலங்களுக்கு நீண்ட நாள் லிதியம் கொடுத்துப் பார்த்தபோது அவற்றில் குளுட்டாதயோன் கூடியது; ஒட்சியேற்றத் தாக்குதலை அவை கூடுதலாகத் தாங்கின. மனித மூளையிலும் அப்படியே என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அண்ணா கனடாவில் தேடிப் பிடித்து அனுப்பிய வேலையில் ஒரு பங்கைத் தம்பியின் குளிசை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கலாம்.

லிதியத்தைச் சட்டென்று நிற்பாட்டினால் என்ன நடக்கும் என்பது ஊகமில்லை. நல்லாய் இருந்து நிற்பாட்டியவர்களைப் பற்றிய ஆய்வுகளை 1991இல் தொகுத்துப் பார்த்தார்கள். திரும்ப வந்த தாக்கங்களில் பாதிக்கு மேல் முதல் பத்துக் கிழமைக்குள் வந்தன. தற்கொலையைக் குறைப்பதில் இந்த நோயின் மருந்துகளில் லிதியத்துக்கு உள்ள சான்று மற்றவற்றுக்கு இல்லை. முதலில் நான் சொன்ன கால்வாசி இதுதான்.

அப்படியானால் வீட்டில் செய்யக்கூடியது?

முதலில் நித்திரை. நந்திக்கடலில் இரவு இறாலுக்கு இறங்குவதும், விடிய விடிய ஆழ்கடலில் கிடப்பதும் தம்பிக்குச் சரிவராது. பகலில் இழுக்கும் கரைவலையும் கரையில் இருந்து வலை தெரிவதும் நல்ல தொழில். ஒரு இரவு நித்திரை போனால் கவனியுங்கள்; இரண்டாம் இரவும் போனால் கிளினிக்கோடு பேசுங்கள். எழுச்சி நிலை பெரும்பாலும் நித்திரை வாசலால்தான் உள்ளே வரும்.

அடுத்தது உப்பும் தண்ணீரும். சிறுநீரகத்துக்கு லிதியமும் சோடியமும் ஒன்றுபோலத் தோன்றும். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் அது சோடியத்தைப் பிடித்து வைக்கும் அவசரத்தில் லிதியத்தையும் பிடித்து வைத்துவிடும். இரத்தத்தில் அளவு ஏறும். வெயிலில் வேலை செய்யும் நாளில் தண்ணீர் கூடக் குடிக்கவேண்டும். யாரோ சொன்னார்கள் என்று திடீரென உப்பில்லாச் சாப்பாட்டுக்கு மாறக்கூடாது. உடம்பு நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபினாக், ஐபுபுரோபன் வகைகளும் லிதியத்தை ஏற்றிவிடும், பனடோல் போதும். வயிற்றோட்டம், வாந்தி, கடும் காய்ச்சல் என்றால் அன்றே வைத்தியசாலைக்குத் தெரிவியுங்கள். கை பெரிதாய் நடுங்கி, நடை தள்ளாடி, நாக்குக் குழறினால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சாப்பாட்டில் விசேட மருந்து ஒன்றுமில்லை. சூடையும் நெத்தலியும் முருங்கையிலையும் நெல்லியும் பப்பாசியும் உங்கள் வளவிலும் கரையிலும் கிடைப்பவை. போத்தலில் வருவதை விட மலிவு, பத்திரம். சிகரட்டையும் கசிப்பையும் விட்டால் எந்தக் குளிசையையும் விடக் கூடுதலாகப் புகை குறையும். நாளுக்கு அரை மணித்தியாலம் கரையோரம் நடக்கட்டும்.

கடைசியாக, வைகாசி. உங்கள் ஊரில் இந்த மாதத்தை எழுதாமல் மருந்தை எழுத முடியாது. 18ஆம் திகதி, முள்ளிவாய்க்கால் நினைவு நாளில், அப்பாவுக்கு விளக்கேற்றப் போவீர்கள். அதை ஒட்டி வற்றாப்பளை அம்மனின் பொங்கலும் வரும். கொளுத்தும் வெயில், விரதம், நீண்ட நடை, அழுகை, நித்திரை இல்லாத இரவுகள். லிதியம் ஏறவும் நோய் திரும்பவும் தேவையான எல்லாம் ஒரே மாதத்தில் கூடிவிடுகின்றன. போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நினைவைத் தம்பியிடமிருந்து பறிக்க யாருக்கும் உரிமையில்லை. போகும்போது தண்ணீர்ப் போத்தல் ஒன்று பையில் இருக்கட்டும். அங்கே கொடுக்கும் உப்புப் போட்ட கஞ்சியைக் குடிக்கட்டும். முழு விரதத்தை நீங்கள் பிடியுங்கள், அவன் பிடிக்க வேண்டாம். அம்மன் கோபிக்க மாட்டா. இரவு பத்துக்குப் பாய் விரித்திருக்க வேண்டும். சித்திரை முடியுமுன் ஒருமுறை லிதியம் அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

“சாகலாம் போல இருக்கு” என்று அவன் எப்போதாவது சொன்னால் அதைக் கதையாக எடுக்க வேண்டாம். தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

அண்ணாவோடு சண்டை பிடிக்காதீர்கள். தூரத்தில் இருப்பவர், தம்பிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்பில் செய்திருக்கிறார். போத்தலையும் எறிய வேண்டாம். மூடியை இறுக்கிப் பூட்டி வைத்து, அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு சேர்த்துக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். அதில் என்ன இருக்கிறது, தம்பியின் குளிசையோடு சேருமா என்று வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.